வெங்கர் இருக்கட்டுமா, போகட்டுமா?

எனக்கும் என் அக்கா மகனுக்கும் ஏழெட்டு வருடம் ஒரு சண்டை நடந்தது. சொத்துச் சண்டை இல்லை. லண்டனில் உள்ள ஒரு கால்பந்து கிளப்பின் மேனேஜரை வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பதுதான் வழக்கு. அவன் அப்பா வழியில் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ளவன். பாரிசுக்குப் போய், அங்கிருந்து வேலை நிமித்தம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தவன். நான் புதுச்சேரியை விட்டு நகராதவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தால் என் மனைவி காப்பியை எனக்கு முன்னால் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். அரைமணி நேரம் நான் கத்துவேன் என்று அவளுக்குத் தெரியும்.

கிளப் ஆர்சனல். மேனேஜர் ஆர்சென் வெங்கர். பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான். கிளப்பின் பெயர் ஆயுதக் கிடங்கிலிருந்து வந்தது, அவர் பெயர் அவருடைய பெற்றோர் வைத்தது.

எனக்கு அவர் மேல் பற்று வந்ததற்குக் காரணங்கள் கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமானவை. அவர் பிறந்தது 1949 அக்டோபர், நானும் அதே மாதம். அவர் ஊர் ஸ்ட்ராஸ்பூர் பக்கத்தில், ஜெர்மனியும் பிரான்சும் மாறி மாறி ஆண்ட அல்சாஸ். பிரெஞ்சுக் கொடி இறங்கியதைப் பார்த்த ஊரில் வளர்ந்தவன் நான். பள்ளியில் மூன்றாம் வகுப்பிலிருந்து பிரெஞ்சில் படித்தவனுக்கு, ஒரு பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயர்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறார் என்றால் ஒரு அற்ப சந்தோஷம் வருமா, வராதா?

1996இல் அவர் வந்தபோது லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்று 'ஆர்சென் யார்?' என்று தலைப்புப் போட்டது. ஜப்பானில் நகோயா கிளப்பில் இருந்தவரைக் கூட்டிவந்தார்கள். அதற்கு முன் மொனாக்கோவில் ஏழு வருடம் இருந்து, 1988இல் பிரெஞ்சு லீக் வென்றவர் என்பதெல்லாம் ஆங்கிலேயர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர் ஆட்டக்காரர்களின் சாப்பாட்டில் கைவைத்தார். சாக்லேட் போயிற்று, வேகவைத்த காய்கறி வந்தது. 1998இல் லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டையும் ஒரே வருடத்தில் வென்றார். வெளிநாட்டு மேனேஜர் யாரும் அதற்கு முன் இங்கிலாந்தில் அப்படிச் செய்ததில்லை. 2002இல் மறுபடியும். 2003-04 லீக்கில் 38 ஆட்டம் ஆடி ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 26 வெற்றி, 12 சமன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பிரெஞ்சில் நாங்கள் 'ஆந்த்ரேனேர்' என்போம், பயிற்சி கொடுப்பவர் என்று அர்த்தம். இங்கிலாந்தில் அப்போது 'மேனேஜர்' என்றால் வேறு. யாரை வாங்குவது, யாரை விற்பது, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதில் எல்லாம் அவர் கை இருக்கும். ஆர்சனலில் வெங்கர் அதற்கும் மேலே. ஆகவே எது கெட்டுப்போனாலும் ரசிகன் அவரைத்தான் பார்ப்பான்.

கெட்டுப்போக ஆரம்பித்தது ஒரு கட்டடத்தால். பழைய மைதானம் ஹைபரியில் 38,000 பேர்தான் உட்காரலாம். புதிதாக 60,000 பேருக்கு எமிரேட்ஸ் மைதானம் கட்டி, 2006இல் குடிபோனார்கள். செலவு ஏறக்குறைய 39 கோடி பவுண்டு. பெரும்பகுதி கடன். முப்பத்தைந்து வருடம் கணக்குப் பிரிவில் பேரேடு எழுதியவன் என்பதால், இந்த இடத்தை மட்டும் நான் மேலோட்டமாகப் படிக்கவில்லை. கடன் கொடுத்த வங்கிகள், வெங்கர் ஐந்து வருடம் இருப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டன. இதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதாவது, அந்தக் கடனுக்கு அவரும் ஒரு ஜாமீன்!

அதே சமயம் 2003இல் செல்சியை ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச் வாங்கினார். 2008இல் மான்செஸ்டர் சிட்டி அபுதாபிக்காரர்கள் கைக்குப் போனது. ஒரு பக்கம் எண்ணிப் பார்க்காமல் செலவழிக்கும் வீடுகள், இன்னொரு பக்கம் மாதாமாதம் தவணை கட்டும் வீடு. ஆர்சனல் நல்ல ஆட்டக்காரர்களை விற்றது. வியேரா 2005இல் போனார், தியரி ஆன்றி 2007இல், ஃபாப்ரிகாஸும் நஸ்ரியும் 2011இல். 2012இல் வான் பெர்சியை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கே கொடுத்தார்கள். மறுவருடம் அவரை வைத்து யுனைடெட் லீக் வென்றது.

2005க்குப் பிறகு ஒரு கோப்பையும் இல்லை. ஆனால் 1996-97 முதல் இருபது வருடம் விடாமல் முதல் நான்கு இடத்துக்குள் முடித்தார். நான்காம் இடத்துக்குள் வந்தால்தான் ஐரோப்பியப் போட்டிப் பணம் வரும், பணம் வந்தால்தான் தவணை கட்ட முடியும். அதனால்தான் 'முதல் நான்கு இடமும் ஒரு கோப்பைதான்' என்ற பொருளில் அவர் பேசினார். ரசிகர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் நான் டிக்கெட் வாங்கி ஆட்டம் பார்த்தவன் இல்லையே. இங்கிலாந்திலேயே மிக அதிக விலை டிக்கெட்டுகளில் ஒன்று அவர்களுடையது. விலையும் கொடுத்து, விற்பனையையும் பார்த்துக்கொண்டிருந்தவன் என் அக்கா மகன்.

2011 ஆகஸ்ட் 28. மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 8-2. அன்று இரவே போன் வந்தது.

"மாமா, இன்னமும் அவருக்கு வக்காலத்து வாங்குறீங்களா?"

"ஃபாப்ரிகாஸை வித்துட்டு, பாதி பேர் காயத்துல இருந்தா யார் வந்தாலும் இதே கதிதான்டா."

"வித்தது யார்?"

அதற்கு நான் சொன்ன பதில், விற்றது கடன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க பைல் பார்க்கறீங்க, நான் கிரவுண்டைப் பார்க்கறேன்" என்றான். இன்றைக்கு யோசித்தாலும், அந்த வருடத்துக்கு என் பதில் சரி என்றே நினைக்கிறேன். 2006 முதல் 2013 வரை அந்தக் கிளப்பை வேறு யார் நடத்தியிருந்தாலும் நான்காம் இடத்தில்கூட நிறுத்தியிருக்க மாட்டார்கள். 'வெங்கர் போ' என்றவர்களுக்கு உண்மையில் கோபம் கட்டடத்தின் மேலும், 2011இல் பெரும்பங்கு வாங்கிய அமெரிக்கர் ஸ்டான் குரோன்கியின் மேலும். ஆனால் கட்டடத்தைத் திட்ட முடியாது, முதலாளி ஆட்டத்துக்கே அபூர்வமாகத்தான் வருவார். நீளக் கோட்டுப் போட்டுக்கொண்டு, அதன் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டு, மைதான ஓரத்தில் தினமும் நின்றவர் ஒருவர்தான்.

நான் தோற்றது அதற்குப் பிறகு.

2013 செப்டம்பரில் ஓசிலை 4.25 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். கைக்குப் பணம் வந்துவிட்டது. 2014 மே மாதம் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஹல் சிட்டியிடம் எட்டு நிமிடத்துக்குள் 2-0 பின்தங்கி, பிறகு 3-2 என்று வென்றார்கள். ஒன்பது வருடப் பஞ்சம் தீர்ந்தது. நான் அக்கா மகனுக்குப் போன் போட்டு, வெட்கமில்லாமல் சிரித்தேன். 2015இலும் அதே கோப்பை. இனிமேல் லீக்தான் என்று நினைத்தேன். கடன் சாக்கு இனி இல்லை என்பதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

2015-16இல் செல்சி சரிந்தது, இரண்டு மான்செஸ்டர்களும் தடுமாறின. லீக்கை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கிடந்தது. எடுத்தது லெஸ்டர் சிட்டி! ஆர்சனல் பத்துப் புள்ளி பின்னால், இரண்டாம் இடம். லெஸ்டருக்கு அபுதாபிப் பணம் இல்லை, ரஷ்யப் பணம் இல்லை. என் பேரேட்டு வாதம் முழுவதும் அந்த ஒரு வரியில் அடிபட்டுப்போயிற்று.

அந்த ஏப்ரல் 30ஆம் தேதி, நார்விச்சுடன் எமிரேட்ஸில் ஆட்டம். 'மாற்றத்துக்கு நேரம் வந்துவிட்டது' என்று அச்சடித்த தாள்களை ரசிகர் சங்கங்கள் கொடுத்திருந்தன. கடைசியாக லீக் வென்று 12 வருடம் என்பதால் 12ஆவது நிமிடத்தில் தூக்கிப் பிடிக்க வேண்டும். என் அக்கா மகன் அன்று உள்ளே இருந்தான். தாளைத் தூக்கினானாம். உடனே வேறு பக்கத்திலிருந்து, 'வெங்கர் ஒருவர்தான்' என்ற பொருள்படும் பழைய பாட்டு எழும்பியதாம். அவன் என்ன செய்தான் தெரியுமா? கையில் தாளைப் பிடித்துக்கொண்டே பாடினானாம். "வாய் தானா வந்துடுச்சு மாமா" என்றான்.

அன்று நாங்கள் சண்டை போடவில்லை.

என் ஆபீசில் ஒரு சூப்பரின்டென்டென்ட் இருந்தார். மகா கெட்டிக்காரர். எந்த பைல் எந்த பீரோவில், எந்தக் கட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஓய்வு வயது வந்ததும் நீட்டிப்பு, அதன் பிறகு இன்னொரு நீட்டிப்பு. நாங்களே மேலே போய்க் கேட்டு வாங்கிக் கொடுத்தோம். கம்ப்யூட்டர் வந்தபோது, அது துணி மூடியபடியே ஒன்றரை வருடம் கிடந்தது. அவருக்குப் பிடிக்கவில்லை, அவரிடம் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தைரியமில்லை. அவர் போன பிறகு பைல்களைத் தேட மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதத்துக்காக அவரைப் போற்றுவதா, அல்லது திட்டுவதா என்று எனக்கு இன்றும் தெரியாது. வெங்கரின் கடைசி இரண்டு வருடத்தைப் பார்க்கும்போது அந்த அறையின் நாப்தலின் வாசனை எனக்கு வந்தது.

2017 பிப்ரவரியில் பேயர்ன் மியூனிக்கிடம் 5-1. மார்ச்சில் சொந்த மைதானத்தில் மறுபடி 5-1. இரண்டும் சேர்த்துப் பத்துக்கு இரண்டு. மார்ச் 18, வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனுடன் ஆட்டம். மைதானத்துக்கு மேலே ஒரு சின்ன விமானம், வாலில் 'ஒப்பந்தம் வேண்டாம், வெங்கர் போ' என்ற பதாகையோடு பறந்தது. அதே ஆட்டத்தில் இன்னொரு விமானமும் வந்தது. அதன் வாலில் 'ஆர்செனை நம்புகிறோம்'. ரசிகர்கள் சொந்தக் காசில் வாடகைக்கு எடுத்த விமானங்கள்! கீழே ஆர்சனல் 3-1 என்று தோற்றுக்கொண்டிருந்தது. டிவியில் பார்த்த என் மனைவி, "இந்தக் காசுக்கு அவங்களே ஒரு ஆளை வாங்கியிருக்கலாமே" என்றாள். இந்த விவகாரத்தில் அவள் சொன்ன ஒரே கருத்து அது.

அன்று நானே அக்கா மகனுக்குப் போன் போட்டு, "போதும், அவர் போகட்டும்" என்றேன். அவன் சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நீங்களுமா மாமா" என்றான்.

அந்த மே மாதம் எஃப்.ஏ. கோப்பையை மறுபடி வென்றார், அவருக்கு அது ஏழாவது. லீக்கில் ஐந்தாம் இடம். நிர்வாகம் இன்னும் இரண்டு வருடம் நீட்டித்தது. அது அவருக்குச் செய்த உபகாரம் அல்ல. அடுத்த பருவத்தில் திட்டக்கூட யாரும் வரவில்லை. 2018 மார்ச் முதல் தேதி, பனி கொட்டிய இரவில் மான்செஸ்டர் சிட்டியிடம் 3-0 என்று தோற்றபோது ஆயிரக்கணக்கான இருக்கைகள் காலியாகக் கிடந்தன. பதாகையைவிட அந்தக் காலி நாற்காலிகள்தான் அவரை அனுப்பின. ஏப்ரல் 20இல் விலகல் அறிவிப்பு வந்தது. மொத்தம் 1,235 ஆட்டங்கள்.

எனக்கு அரசாங்கம் 2009 அக்டோபர் 31ஆம் தேதி மாலை ஒரு மாலையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பிவைத்தது. இருக்கட்டுமா, போகட்டுமா என்று யாரும் விவாதிக்கவில்லை, விமானமும் பறக்கவில்லை. அதிலும் ஒரு நிம்மதி இருக்கிறது. வெங்கருக்குத் தேதி குறித்துக் கொடுக்க ஆளில்லை. நிர்வாகத்தில் அவருக்கு உற்ற துணையான டேவிட் டீன் 2007இலேயே வெளியேறியிருந்தார். அப்போதே நானும் போயிருக்கலாமோ என்று ஓய்வுக்குப் பிறகு வெங்கரே வருந்தினார். அப்போது போயிருந்தால் அந்தத் தவணைகளை யார் கட்டியிருப்பார்கள் என்று கேட்க எனக்கு ஆசை.

அவருக்குப் பின் வந்த எமெரி ஒன்றரை வருடம் தாங்கினார். 2019 கடைசியில் ஆர்டெட்டா வந்தார். வெங்கரிடம் ஆடியவர். எட்டாம் இடம், மறுபடியும் எட்டாம் இடம். 2021 ஆகஸ்டில் முதல் மூன்று ஆட்டமும் தோற்றுப் பட்டியலின் கடைசியில் கிடந்தார்கள். 'ஆர்டெட்டா போ' என்று கூவினார்கள். நிர்வாகம் அசையவில்லை. 2023, 2024, 2025 மூன்று வருடமும் இரண்டாம் இடம். போ என்று கூவியவர்களில் என் அக்கா மகன் இல்லை. நான் இருந்தேன். "மாமா, உங்களுக்கு வயசாக ஆகப் பொறுமை குறையுது" என்று அவன் எனக்கே பாடம் எடுத்தான்.

2018 மே 6, எமிரேட்ஸில் வெங்கருக்குக் கடைசி ஆட்டம். பர்ன்லியை 5-0 என்று வென்றார்கள். வந்தவர்களுக்கெல்லாம் சிவப்பு டி-ஷர்ட் கொடுத்தார்கள். லண்டன் கூட்டம் முழுவதும் பிரெஞ்சில் எழுதிய சட்டை போட்டுக்கொண்டு நின்றது. 'மெர்சி ஆர்சென்'. அடுத்த முறை ஊருக்கு வந்தபோது அவனுக்குக் கிடைத்ததை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தான். எனக்கு இரண்டு சைஸ் பெரிது. மார்கழியில் காலை நடைக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகும்போது ஸ்வெட்டருக்கு மேலே போட்டுக்கொள்கிறேன். போன வருடம் அதைப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைக்கார இளைஞன் நின்று, ஆங்கிலத்தில், நீங்கள் 'வெங்கர் இன்' ஆளா, 'வெங்கர் அவுட்' ஆளா என்று கேட்டான். எந்த வருடத்தில் என்று நான் பிரெஞ்சில் திருப்பிக் கேட்டேன். அவனுக்குப் பிரெஞ்சு தெரியவில்லை.