வளைய வேண்டியது உளியா, தாங்கியா?

போன மழைக்காலத்தில் இடது கட்டைவிரலில் கட்டுப் போட்டுக்கொண்டு பதினைந்து நாள் உட்கார்ந்திருந்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம், "கிண்ணம் கடித்துவிட்டது" என்று சொன்னேன். பாதி வேடிக்கை, பாதி உண்மை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு சிறிய மரக்கடைசல் லேத் வாங்கிப் பின்கட்டில் போட்டேன். ஆயுள் முழுவதும் கோப்பு புரட்டிய கைக்கு அது ஒரு பொழுதுபோக்கு. உருட்டுக்கட்டை, பம்பரம், முக்காலிக் கால் வரையில் வம்பில்லை. வேப்பமரத் துண்டு ஒன்றைக் கிண்ணமாகக் குடையப் போனபோதுதான் வினை வந்தது. வெளிப்புறம் அழகாக வந்தது. உள்ளே இரண்டு அங்குல ஆழம் போனதும் உளியின் நுனி மரத்தில் மாட்டியது. அடுத்த நொடி உளிக்கும் அதைத் தாங்கும் இரும்புக்கும் நடுவில் என் விரல் இருந்தது. "எழுபது வயசுக்கு மேல இது வேணுமா?" என்றாள் மனைவி. அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் ஏன் இப்படி நடந்தது என்று தெரியாமல் விட்டுவிட மனம் வரவில்லை.

பட்டறைக்காரர்கள் 'டூல் ரெஸ்ட்' என்று சொல்லும் தாங்கிதான் விஷயம். உளியைக் கையில் தூக்கிப் பிடித்துக் கடைய முடியாது. அதன் மேல் சாய்த்துத்தான் கடைய வேண்டும். பிரெஞ்சுக் கடைசல்காரர்கள் இதை 'எவாந்தாய்' என்பார்கள். விசிறி என்று பொருள். ஒற்றைக் காலின் மேல் விரிந்து நிற்பதால் அந்தப் பெயர் போலும்.

பள்ளியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் 'லெவியே', அதாவது நெம்புகோல், பாடத்தைக் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியது நினைவுக்கு வந்தது. அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்த்தேன். தாங்கிக்குப் பின்னால் என் கை 40 செ.மீ. தள்ளி இருக்கிறது. தாங்கிக்கு முன்னால் உளி 1 செ.மீ. நீண்டிருந்தால், நுனியில் மரம் 40 கிலோ பலத்தோடு அழுத்தினாலும் என் கை 1 கிலோ பலத்தில் சமாளிக்கும். 8 செ.மீ. நீண்டிருந்தால் கைக்கு 8 கிலோ பலம் வேண்டும், அதுவும் கண் இமைக்கும் நேரத்தில். இன்னொன்று, நீட்டம் இரண்டு மடங்கானால் உளியின் துவளல் எட்டு மடங்காகும். நேரான தாங்கி கிண்ணத்தின் வாயிலேயே நின்றுவிட்டது. உளி மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. குற்றம் வயதின் மேல் அல்ல, அந்த எட்டு சென்டிமீட்டர் மேல்.

கட்டுப் போட்ட கையோடு படிக்கத்தானே முடியும்? படித்தேன். அப்போது ஒரு கேள்வி எழுந்தது. மனிதன் பல நூறு ஆண்டுகளாகக் கிண்ணம் கடைந்திருக்கிறானே, அவர்கள் என்ன செய்தார்கள்?

இங்கிலாந்தில் யார்க் நகரில் காப்பர்கேட் என்று ஒரு தெரு. பெயரைப் பார்த்துச் செம்புக்கும் அதற்கும் சம்பந்தம் என்று எண்ணிவிடக் கூடாது. வைக்கிங் மக்களின் மொழியில் கிண்ணம் செய்பவர் தெரு என்று பொருள். 1976 முதல் 1981 வரை அங்கே தோண்டியபோது, ஆயிரம் ஆண்டுக்கு முந்திய மரக் கிண்ணங்களோடு, கடைந்து கழித்த நடுக்கட்டைகளும் கிடைத்தன. அன்றைய கடைசல் எந்திரம் மிதிகட்டையும் வளைகம்பும்தான். மேலே வளையும் ஒரு கம்பு, கீழே மிதிகட்டை, நடுவில் மரத்தைச் சுற்றிய கயிறு. மிதித்தால் மரம் கடைபவர் பக்கம் சுழலும், அப்போது வெட்டலாம். காலை எடுத்தால் கம்பு இழுத்து மரம் திரும்பிச் சுழலும், அப்போது வெட்ட முடியாது. பாதி நேரம் வேலை, பாதி நேரம் காத்திருப்பு. மரத்தை இரண்டு முனைகளுக்கு நடுவே நிறுத்துவதால் கிண்ணத்தின் மையத்தில் ஒரு கட்டை மிஞ்சும். கடைசியில் அதை முறித்து எடுப்பார்கள். யார்க்கில் கிடைத்தவை அவைதான்.

அவர்களுடைய தாங்கி வெறும் மரச் சட்டம், நேரானது. வளைந்திருந்தது உளி! நீண்ட பிடி, நுனியில் கொக்கி. பிரெஞ்சில் 'க்ரோஷே'. நம் வீட்டுப் பெண்கள் பின்னும் குரோஷா ஊசியின் பெயரும் இதே சொல்தான். கொக்கி உள்ளே வளைந்து போய்ச் சுவரைச் சுரண்டி வரும்.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தவர் ஜார்ஜ் லெய்லி. பெர்க்ஷயரில் பக்கிள்பரி பொதுநிலத்தில் ஒரு குடிசையில் மிதிகட்டை லேத்தோடு வேலை செய்தவர். 1958-இல் இறந்தார். இங்கிலாந்தில் அந்த முறையிலேயே பிழைப்பு நடத்திய கடைசிக் கிண்ணக்காரர் என்று அவரைச் சொல்கிறார்கள். ஒரே எல்ம் மரக்கட்டையிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாகப் பல கிண்ணங்களை வெட்டி எடுப்பார். வளைந்த கொக்கி இல்லாமல் அது நடக்காது. அவருடைய லேத்தும் கருவிகளும் இன்று ரெடிங் நகரின் கிராமிய வாழ்க்கை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பிரான்சிலும் இந்தத் தொழிலுக்கு மதிப்பு உண்டு. சவுவா மலைப்பகுதியில் போஜ் மக்கள் கடைந்த மரப் பாத்திரங்களுக்கு 'போஜ் வெள்ளிச் சாமான்' என்று கேலியும் பெருமையுமாகப் பெயர். கடைசல் கலைக்கென்றே 1701-இல் லியோன் நகரில் ஒரு பெரிய நூல் வெளிவந்தது. எழுதியவர் ஷார்ல் புளுமியே என்ற துறவி. தாவரவியலாளரும்கூட. நம் ஊர்த் தோட்டங்களில் உதிர்ந்து கிடக்கும் ஈழத்தலரிக்கு 'புளுமேரியா' என்ற அறிவியல் பெயர் அவர் நினைவாக வந்ததுதான். இத்தனை நாள் அந்த மரத்தைத் தாண்டிப் போனவனுக்கு அது தெரியாது.

பிறகு நிலைமை மாறியது. மோட்டார் வந்தது. மரம் ஒரே திசையில், நிற்காமல், வேகமாகச் சுழல ஆரம்பித்தது. 1900 பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் டெய்லர், வொயிட் என்ற இரு அமெரிக்கர்களின் அதிவேக எஃகு எல்லோரையும் வியக்க வைத்தது. சூட்டில் முனை மழுங்காத எஃகு அது. காலப்போக்கில் மரக்கடைசல் உளிகளும் அதில் வந்தன. நேரான தடித்த கம்பியில் குழி வெட்டிய நகவுளிகள் அவை.

கொக்கி உளியைக் கடைசல்காரரே உலையில் காய்ச்சி, தன் கிண்ணத்துக்கு ஏற்றபடி வளைத்துக்கொள்வார். நம்மைப் போன்றவர்கள் கடையில் வாங்குகிறோம், வருவது நேர் உளி. உளி வளைவதை விட்டது, ஆகவே தாங்கி வளைய வேண்டியதாயிற்று. இது என் கணிப்புதான். குடைவது கிண்ணமானால் ஏதோ ஒன்று வளைந்துதானே ஆக வேண்டும்?

இப்போது நானும் ஒரு வளைந்த தாங்கி வாங்கிவிட்டேன். வாங்க நினைப்பவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. தாங்கியின் கால் உங்கள் லேத்தின் துளைக்குச் சரியாகப் பொருந்த வேண்டும், ஆட்டம் கூடாது. அதன் வளைவு கிண்ணத்தின் உள்வளைவைவிடச் சற்றே இறுக்கமாக இருந்தால்தான் உள்ளே நுழையும். வளைந்த முனை காலிலிருந்து விலகி நிற்பதால், மெல்லிய இரும்பாக இருந்தால் அதுவே துள்ளும். பளுவானதாகப் பார்த்து வாங்குங்கள். மேல் விளிம்பில் பள்ளம் இருந்தால் உளி அங்கே தடுக்கும், அரம் போட்டு வழவழப்பாக்குங்கள். தாங்கியை நகர்த்துமுன் மோட்டாரை நிறுத்துங்கள். சுவிட்சைப் போடுமுன் மரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, எங்கும் இடிக்கவில்லையே என்று பாருங்கள். ஆழமில்லாத தட்டுக்கு இதெல்லாம் வேண்டாம், நேர்த் தாங்கியே போதும்.

பழைய வேப்பங் கிண்ணத்தைத் தூக்கி எறியவில்லை. மாட்டிய தழும்பு அடியில் இருக்கிறது. மிச்சத்தைப் புதுத் தாங்கியை வைத்துக் குடைந்து முடித்தேன். இப்போது மனைவி அதில் பூண்டு போட்டு வைத்திருக்கிறாள். பின்கட்டுக்குப் போகாதே என்று அதற்குப் பிறகு சொல்லவில்லை. "விரல உள்ள விடாதீங்க" என்று மட்டும் சொல்கிறாள்.