காற்றுக்கும் எடை உண்டு: எங்கள் குழுவின் வினீர் தொழில் வரலாறு

மலருக்காக எங்கள் குழுவின் தொழில் வரலாற்றை எழுதச் சொன்னார்கள். நான் பத்தாவது வரை படித்தவள். எனக்குத் தெரிந்ததையும், மகளின் அறிவியல் புத்தகத்திலும் நூலகத்திலும் படித்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். எங்கள் வரலாறு மரத்தில் ஆரம்பித்துக் காற்றில் போய் முடிகிறது.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் பக்கத்து மரச்சிற்பத்துக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். சாமி சிலை செய்பவர்களைப் பற்றிப் பத்திரிகையில் வந்தது. அதே ஊர்களில் கதவு, பீரோ, கட்டில் செய்து பிழைக்கிற குடும்பங்களும் நிறைய. எங்கள் வீடும் அப்படித்தான். என் மாமனார் காலத்தில் கதவு என்றால் முழுத் தேக்கு. இப்போது முழுத் தேக்கில் கதவு போட எத்தனை பேரால் முடியும்? தோதகத்தியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்த மரத்தைக் காப்பாற்ற 1994ல் தனிச் சட்டமே வந்தது.

அதனால்தான் வினீர் வந்தது. நல்ல மரத்தைத் தாள் போல அரை மில்லி கனத்துக்குச் சீவி, சாதாரணப் பலகை மேல் ஒட்டுவது. ஒரு கன அடி மரத்தை அப்படிச் சீவினால் கணக்குப்படி 600 சதுர அடி வரும். கழிவு போனாலும் எத்தனையோ கதவுக்கு ஆகும். இது ஏமாற்று வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மூவாயிரம் வருஷத்துக்கு முன்பே எகிப்து ராஜாக்களின் கல்லறையில் வைத்த பெட்டிகளில் கருங்காலியைச் சீவி ஒட்டியிருக்கிறார்கள். அங்கேயும் நல்ல மரம் கிடைப்பது கஷ்டமாக இருந்திருக்கிறது.

ஒட்டுவது சுலபம், அழுத்துவதுதான் கஷ்டம். பசை காயும் வரைக்கும் எல்லா இடமும் ஒரே மாதிரி அழுந்தி இருக்கணும். மாமனார் வச்சிரம் காய்ச்சி ஒட்டி, மேலே பலகை போட்டு, கருங்கல்லும் நெல் மூட்டையும் அடுக்குவார். 20 மூட்டை வைத்தாலும் நடுவில் எங்காவது காற்று நின்று கொப்பளம் வந்துவிடும். நான் கல்யாணமாகி வந்த புதிதில், ஒரு வீட்டு வாசக்கால் கதவு அப்படிக் கொப்பளித்துத் திரும்பி வந்தது. அன்று மாமனார் சாப்பிடவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

பிறகுதான் என் வீட்டுக்காரர், பையில் போட்டுக் காற்றை உறிஞ்சி அழுத்துகிற முறையை வெளியூர் வேலையில் பார்த்துவிட்டு வந்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. காற்றை எடுத்தால் எப்படி அழுத்தும்?

பதில் நம் வீட்டு அடிபம்பில் இருக்கிறது. அடிபம்பு 25 அடிக்குக் கீழே போன தண்ணீரை இழுக்காது. கிணற்றில் தண்ணீர் இறங்கினால் மோட்டாரையும் சேர்த்து இறக்குகிறோம் இல்லையா, அதே காரணம்தான். இத்தாலி நாட்டில் 400 வருஷத்துக்கு முன்னால் பம்பு செய்தவர்களுக்கும் இதே தொல்லை. எவ்வளவு நல்ல பம்பு போட்டாலும் சுமார் 33 அடிக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. 1643ல் டாரிசெல்லி என்பவர் பாதரசத்தைக் கண்ணாடிக் குழாயில் வைத்து விடை சொன்னார். தண்ணீரைப் பம்பு இழுப்பதில்லை. வெளியில் இருக்கிற காற்றின் பாரம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்தப் பாரம் 760 மில்லிமீட்டர் பாதரசத்துக்குச் சமம். அதற்கு மேல் அதனால் தள்ள முடியாது.

ஜெர்மனியில் மக்டபர்க் நகரத்தின் மேயராக இருந்த ஓட்டோ வான் கெரிக் என்பவர்தான் காற்றை உறிஞ்சுகிற பம்பை முதலில் செய்தார். 1657ல் இரண்டு செம்பு அரைக்கோளங்களைச் சேர்த்து வைத்து, உள்ளே இருந்த காற்றை எடுத்துவிட்டு, பக்கத்துக்கு 8 ஆக 16 குதிரைகளைப் பூட்டி இழுக்கச் சொன்னார். பிரிக்க முடியாமல் குதிரைகள் திணறின. உள்ளே எதுவும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. வெளிக் காற்றுதான் அமுக்கிக்கொண்டிருந்தது.

இதைப் படித்ததும் நான் கணக்குப் போட்டேன். காற்று ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்துகிறது. 7 அடிக்கு 3 அடி கதவில் நல்ல பம்பு கொடுக்கிற அழுத்தம் 17 டன். 75 கிலோ நெல் மூட்டை 220க்கு மேல்! அதையும் எந்த மூலையும் விடாமல் ஒரே சீராக.

அடுத்தது எந்தப் பம்பு வாங்குவது என்ற கேள்வி. குழுவில் உள்கடன் 30,000 கேட்டேன். "பெரிய மோட்டாராப் பார்த்து வாங்கு" என்றார்கள். "பழைய பிரிட்ஜ் கம்ப்ரசரே போதும், காசை ஏன் கொட்டணும்?" என்றும் சொன்னார்கள். நாங்கள் ஒவ்வொன்றாக இரவல் வாங்கிப் பார்த்தோம்.

பிரிட்ஜ் கம்ப்ரசர் நன்றாக உறிஞ்சும், ஆனால் மெதுவாக. பை இறுகுவதற்குள் வெள்ளைப் பசை இழுத்துக்கொண்டது. மாட்டுப் பால் கறக்கும் மெஷினின் பம்பு வேகமாக இழுக்கும், ஆனால் பாதி அளவுக்குத்தான் உறிஞ்சும். மாட்டு மடிக்கு அதுதான் சரி. தட்டைப் பலகைக்கும் அது போதும், ஆனால் வளைவான முகப்புக்கு ஒத்துவரவில்லை. ஏசி மெக்கானிக்கின் பம்பு மிக ஆழமாக உறிஞ்சியது. ஆனால் பசையின் ஈரம் போய் உள்ளே இருந்த எண்ணெய் மோர் மாதிரி வெளுத்தது. அடிக்கடி எண்ணெய் மாற்றணும்.

இதிலிருந்து ஒன்று புரிந்தது. எவ்வளவு ஆழமாக உறிஞ்சும் என்பது ஒரு கணக்கு, எவ்வளவு வேகமாக உறிஞ்சும் என்பது வேறு கணக்கு. ஹெச்பியை மட்டும் பார்த்தால் இரண்டும் தெரியாது. கடைசியில் நாள் முழுக்க ஓடுவதற்கென்றே செய்த, எண்ணெய் இல்லாத அரை ஹெச்பி பம்பைக் கோவையில் வாங்கினோம். கேஜில் 640 காட்டியது. கரண்ட் போனால் காற்று திரும்பாமல் இருக்க, கிணற்றுப் புட்வால்வு மாதிரி ஒரு வால்வு. ஈரம் பிடிக்க ஒரு ஜாடி. காற்று வெளியேற, பலகைக்கு மேல் பழைய கொசுவலை. முதல் கதவில் ஒரு கொப்பளம் கூட இல்லை. மாமனார் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார்.

இதைக் கேள்விப்பட்டு, கல்வராயன் மலையில் இருக்கிற ஒரு குழு, எங்கள் பேச்சை நம்பிக் கடன் எடுத்து அதே பம்பை வாங்கியது. ஒரு மாதத்தில் அந்தக் குழுத் தலைவி அக்கா கூட்டத்தில் எழுந்து நின்றார். "உங்களுக்கு 640 காட்டுது, எங்களுக்கு 585க்கு மேல ஏறல. நல்லதை நீங்க வச்சுக்கிட்டு ஓட்டையை எங்க தலையில கட்டிட்டீங்க. மலைக்காரங்கன்னா அவ்வளவு இளக்காரமா?" என்றார். எனக்கு நாக்கு எழவில்லை. தீர்மான நோட்டிலும் எழுதிவிட்டார்கள். இரண்டு குழுவுக்கும் பேச்சு நின்றது.

அப்போதுதான் நூலகப் புத்தகத்தில் இன்னொரு பக்கம் கிடைத்தது. பிரான்ஸ் நாட்டில் பாஸ்கல் என்பவர், காற்றுக்குப் பாரம் இருந்தால் மலை மேல் அது குறையணுமே என்று யோசித்தார். அவரால் போக முடியவில்லை. 1648 செப்டம்பர் 19ல் அவருடைய அக்கா வீட்டுக்காரர் பெரியே என்பவர் பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு பூய் தெ டோம் என்ற மலை ஏறினார். கீழே ஒரு குழாயை வைத்து அதைப் பார்க்க ஒரு ஆளையும் நிறுத்தினார். சுமார் 3,000 அடி ஏறியதும் பாதரசம் 3 அங்குலம் இறங்கியது. கீழே வைத்த குழாயில் மாற்றமே இல்லை.

நம் கல்வராயனும் ஏறக்குறைய அந்த உயரம்தான்! மறுநாளே எங்கள் பம்பையும் கேஜையும் சாக்கில் கட்டி, கச்சிராயபாளையம் வழியாக பஸ்ஸில் மலைக்குக் கொண்டுபோனேன். அந்த அக்கா வாசலில் நின்றார், உள்ளே கூப்பிடவில்லை. பம்பை மாட்டி ஓட்டினோம். எங்கள் பம்பும் 585லேயே நின்றது. பிறகு அவர்கள் பம்பைக் கீழே கொண்டுவந்து ஓட்டினோம். 640 காட்டியது. அக்கா கேஜையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப எங்க காத்துதான் லேசா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டார்.

லேசாக இருந்தாலும் ஒரு சதுர அடிக்கு 740 கிலோ. வினீருக்கு அது தாராளம். மலையில் குளிர் அதிகம், பசை காய நேரம் ஆகும், அதனால் பையில் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த கூட்டத்தில் பழைய தீர்மானத்துக்குக் கீழேயே, பம்பில் குறை இல்லை என்று இரண்டு குழுவும் கையெழுத்துப் போட்டோம்.

தப்பு என் பக்கமும் உண்டு. வாங்கச் சொல்வதற்கு முன் எந்த ஊரில் ஓடப்போகிறது என்று நான் கேட்டிருக்கணும். இப்போது யார் வந்து பம்பு கேட்டாலும் முதலில் அதைத்தான் கேட்கிறேன். உறிஞ்சும் ஆழத்தையும் வேகத்தையும் விலையையும் அதற்குப் பிறகுதான் பேசுவோம். நீங்களும் எந்த மெஷின் வாங்கினாலும் உங்கள் ஊரிலேயே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.