ஊர்ப்பகை வேறு, பிறப்புப்பகை வேறு

2017 ஏப்ரலில் மஞ்சக்குட்டை டீக்கடையில் ஒரே கொதிப்பு. நொய்டா பக்கம் ஆப்பிரிக்க மாணவர்கள் அடிபட்டதையொட்டி அல்ஜசீரா தொலைக்காட்சியில் விவாதம். நாங்கள் நிறவெறியர்களாக இருந்தால் தமிழர், கேரளத்தாரோடெல்லாம் எப்படிச் சேர்ந்து வாழ்கிறோம், எங்களைச் சுற்றிலும் கறுப்பர்கள் இருக்கிறார்களே என்கிற பொருளில் பா.ஜ.க. முன்னாள் எம்.பி. தருண் விஜய் பேசினார். பிறகு மன்னிப்பும் கேட்டார். வள்ளுவரை வடக்கே கொண்டுபோகிறவர் என்று பெயர் வாங்கியிருந்தவர்.

"பாத்தியா தம்பி, நம்மள எவ்வளவு கேவலமாப் பேசிட்டான்" என்றார் ஒரு தோட்டக்காரர். எனக்கும் கோபந்தான். ஆனால் அந்த 'நம்மள' தொண்டையில் சிக்கியது. இவர் வீட்டில் எங்க அப்பாவுக்குத் தனி டம்ளர். அதையும் அவரே கழுவிக் கவிழ்த்துட்டு வரணும். அன்னைக்கு எங்கே போயிருந்தது இந்த 'நம்ம'?

மேடையில் எல்லாத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். நாம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1966இல் தொடங்கிய சிவசேனை, தென்னாட்டார் வேலையைப் பறிக்கிறார்கள் என்று பம்பாயில் கிளம்பியது. அடி, உதை, கடை சூறை எல்லாம் நடந்தது. அது பிரதேச வெறுப்பு. ஊருக்கு ரயிலேறினால் 'மதராசி'ப் பட்டம் அங்கேயே இறங்கிவிடும். ஆனால் திருநெல்வேலிச் சேரியிலிருந்து தாராவிக்குப் போனவர் ஊர் திரும்பினால்? பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே பழைய சாதிப்பேர் காத்துக்கொண்டிருக்கும்.

நிறவெறி உடம்பையே குற்றமாக்குகிறது. தென்னாப்பிரிக்காவில் 1950ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஒவ்வொரு மனிதரையும் இனம் பிரித்து முத்திரை குத்தியது. அங்கே திரும்பிப் போக வேறு ஊர் கிடையாது. சொந்த மண்ணிலேயே அந்நியர்.

சாதி எதில் சேர்த்தி? சென்னைப் பார்ப்பனரும் சென்னைப் பறையரும் ஒரே இனந்தான், சாதி என்பது இனப்பிரிவு அல்ல என்று 1936லேயே அம்பேத்கர் எழுதினார். 2001 டர்பன் மாநாட்டில் இந்திய அரசும் 'சாதி இனமல்ல' என்றது. சொல் ஒன்று, நோக்கம் வேறு. அவர் சொன்னது சாதிக்கு இயற்கையின் சாட்சி இல்லை, அதனால் ஒழிக்கலாம் என்பதற்காக. அரசு சொன்னது உலகத்தின் முன்னால் அந்தப் பேச்சே எழக்கூடாது என்பதற்காக. இந்தியா 1968இல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையில் நிறம், இனத்தோடு 'வம்சாவளி' என்ற சொல்லும் இருக்கிறது. அதில் சாதியும் அடங்கும் என்று 2002இல் ஐ.நா. குழு தெளிவாக்கியது. சாதியும் இனமும் ஒன்று என்பதல்ல நம் வாதம். இரண்டும் பிறப்பைக் காட்டித்தான் மனுசனைத் தள்ளி வைக்கின்றன.

2024இல் காங்கிரசின் சாம் பிட்ரோடா தென்னாட்டார் ஆப்பிரிக்கர் போலிருக்கிறார்கள் என்றார். மறுபடி கொதிப்பு. ஆப்பிரிக்கர் மாதிரி என்றால் நமக்கு ஏன் வலிக்கணும்? அந்த வலிக்குள்ளேயே கொஞ்சம் நிறவெறி ஒளிந்திருக்கிறது.

1820களில் கலெக்டர் காக்பர்ன் காப்பி கொண்டுவந்த மலை இது. இங்குள்ள மலையாளிப் பழங்குடிகள்கூடக் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத்தான் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். யார் வந்தேறி? இப்போது தோட்டத்து லைன் வீடுகளில் ஜார்க்கண்ட், ஒடிசா சனங்கள். அவர்களிலும் ஆதிவாசிகள், தலித்துகள் இருக்கிறார்கள். ஊரில் பிறப்புப்பகை, இங்கே 'வடக்கன்' என்ற ஊர்ப்பகை, ரெண்டும் சேர்ந்து அவங்க தலைமேல. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. வீடியோ பொய். ஆனால் அந்தச் சனங்களின் பயம் பொய்யில்லை.

போன மாசம் அதே டீக்கடை. தோட்டக்காரர் உள்ளே பெஞ்சில், கையில் கண்ணாடி கிளாஸ். எனக்கும் கிளாஸ்தான் வந்தது. அதுக்கு எங்க சனங்க எவ்வளவு சண்டை போட்டிருக்கோம்! வாசலுக்கு வெளியே மழையில் ஒரு ஜார்க்கண்ட் பையன் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பேப்பர் கப். ஏன்னு கேட்டேன்.

"அவங்களுக்கு அதாம்பா" என்றார் கடைக்காரர்.

நான் என் கிளாஸை எடுத்துக்கிட்டு வெளியே போய் நின்னேன்.