தந்தையில்லாத ஓர் இனம்: பளிங்குக் கிறேபிஷ்

ஊரில் விஞ்ஞான பாடத்தில் இலிங்கமில்முறை இனப்பெருக்கத்துக்கு உதாரணம் கேட்டால், அமீபாவின் பிளவு, ஐதராவின் அரும்புதல் என்று எழுதிப் புள்ளி வாங்கினோம். ஆனால் கண்ணும் காலும் கொடுக்கும் உள்ள விலங்குகளிலும் ஆண் துணையின்றிப் பெருகுவன உண்டு. அவற்றில் ஒன்று நம்மவர் பலர் வாழும் ஜேர்மனியிலேயே முதலில் கவனிக்கப்பட்டது.

1990களின் நடுப்பகுதியில், மீன்தொட்டி வளர்ப்போரிடையே பளிங்கு போன்ற கோலமுள்ள ஒரு சிறு கிறேபிஷ் கைமாறத் தொடங்கியது. சிங்கி இறாலின் நன்னீர் உறவு என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றே ஒன்றைத் தொட்டியில் விட்டவர்களும் சில மாதங்களில் குஞ்சுகளை அயலவருக்குப் பங்கிட வேண்டியதாயிற்று. 2003இல் ஆய்வாளர்கள் காரணத்தை வெளியிட்டனர்: அத்தனையும் பெண். முட்டைகள் கருக்கட்டாமலே குஞ்சாகின்றன. இதுதான் கன்னிப்பிறப்பு.

வழமையில் ஒடுக்கற்பிரிவினால் முட்டைக்கும் விந்துக்கும் பாதி நிறமூர்த்தங்களே கிடைக்கும். இரண்டும் சேர்ந்தால் முழுமை. இந்தக் கிறேபிஷில் அந்தப் பாதியாகும் படியே இல்லை. தாயிடமுள்ளது அப்படியே மகளுக்குப் போகிறது. அதன் கலங்களில் நிறமூர்த்தத் தொகுதிகள் இரண்டல்ல, மூன்று. புளோரிடாப் பகுதியில் ஆணும் பெண்ணுமாக வாழும் ஓர் இனத்தில், ஒரு புணரி பாதியாகாமல் போனதால் முதல் தாய் தோன்றியிருக்கலாம் என்று கருதுகிறார்கள். 2018இல் வெளியான மரபணு ஆய்வு, ஜேர்மனியிலும் மடகாஸ்கரிலும் இருப்பவை நடைமுறையில் ஒரே தாயின் பிரதிகள் என்று காட்டியது. ஆனாலும் ஒரே தொட்டியில் வளரும் சகோதரிகளின் பருமனும் கோலமும் வேறுபடுகின்றன. நமக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

கொமோடோ உடும்பின் கதை வேறு. 2006இல் இங்கிலாந்தின் செஸ்ரர் மிருகக்காட்சிச்சாலையில், ஆணோடு சேராத ஒரு பெண் கருவுள்ள முட்டைகளை இட்டது. பொரித்த குஞ்சுகள் எல்லாம் ஆண்! அந்த இனத்தில் பாலைத் தீர்மானிக்கும் நிறமூர்த்தங்கள் பெண்ணிடமே இருவிதமாக உள்ளன. ஒரேவிதமாக இரட்டித்தால் ஆண்தான் பிறக்கும். ஆண் கிடைத்தால் உடும்பு வழமைபோலக் கூடும். கிறேபிஷுக்கோ அந்த வழியே இல்லை.

தாயும் தந்தையும் கலப்பதால் பிள்ளைகள் வேறுபடுகின்றன; ஒரு நோய் வந்தால் சிலவாவது தப்பும். பிரதிகளுக்கு அந்தக் காப்பு இல்லை, வேகம் உண்டு. ஒரு தாய் ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மடகாஸ்கரில் பெருந்தொகையாகப் பரவி, இன்று சந்தையில் உணவாகவும் விற்கப்படுகிறது. ஐரோப்பாவில் கவலை வேறு: இது சுமந்து வரக்கூடிய கிறேபிஷ் கொள்ளைநோய் உள்ளூர்க் கிறேபிஷ்களைக் கொன்றுவிடும்.

ஆகவே 2016இல் ஐரோப்பிய ஒன்றியமும், 2022இல் ஒன்ராறியோ மாகாணமும் இதனைத் தடைப் பட்டியலில் சேர்த்தன. பிள்ளைகளின் தொட்டியில் இது இருந்தால், "பாவம், உயிரோடு போகட்டும்" என்று ஏரியிலோ வாய்க்காலிலோ விடவேண்டாம். உள்ளூர்ச் சுற்றாடல் அலுவலகத்துக்கு அறிவியுங்கள். புதிதாக ஒரு கூட்டம் உருவாக, தப்பிப்போகும் ஒரு பெண்ணே போதும்.