வேரில் உறங்கும் மணம்

குடமுருட்டிக் கரையிலுள்ள திருக்காட்டுப்பள்ளியிலே நான் சிறுவனாயிருந்த காலத்தில், கோடை பிறந்ததும் என் பாட்டியார் பரணிலிருந்து வெட்டிவேர் முடிச்சை எடுத்து மண்பானைத் தண்ணீரில் இடுவார். முந்தைய ஆண்டின் வேர்தான். ஆயினும் நனைந்த மாத்திரத்தில் கூடமெல்லாம் மணக்கும். மாடத்திலிருந்த எலுமிச்சைத் தைலமோ, மூடி சரியாகப் பொருந்தாமையால், சில திங்களிலேயே டர்ப்பன்டைன் நெடி வீசிற்று. ஒன்று நிலைத்து மற்றொன்று கெட்டது ஏன்?

நம் முன்னோர் மணத்தைக் காத்த முறையை முதலில் காண்போம். தஞ்சைப் பெருவுடையார் கோயிலை முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டளவில் கட்டி முடித்தான். இறைவனின் திருமஞ்சன நீரில் இடுவதற்கு ஏலரிசியும் செண்பக மொட்டும், வெட்டிவேர் எனப் பலரும் பொருள்கொள்ளும் இலாமச்சமும் வாங்கப் பொருள் வைத்த செய்தியை அங்குள்ள கல்வெட்டுகள் கூறுகின்றன. முதல் அழியாமல், வட்டியைக் கொண்டே அறம் நடந்தது. மணத்தைத் தனியே பிரித்துச் சேமிக்கும் கவலை அங்கே எழவில்லை. விதையும் வேருமே குப்பிகளாயின.

தைலமாக வடித்து அயல்நாட்டிற்கு விற்பதென்றால் வேறு அறிவு வேண்டும். மைசூர்ச் சந்தனக் கட்டைகள் ஜெர்மனி முதலிய நாடுகளுக்குச் சென்று அங்கேயே தைலமாயின. 1914இல் உலகப் போர் மூண்டதும் அவ்வாணிகம் தடைப்பட்டது. கட்டை நம்மிடம், வடிக்கும் திறனோ பிறரிடம்! பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர்கள் சட்பரோவும் வாட்சனும் ஆராய்ந்து வழிகண்டனர். 1916இல் பெங்களூரில் சந்தனத் தைலம் வடிக்கப்பெற்றது.

இனி, என் வினாவிற்கு வருகிறேன். எலுமிச்சைத் தைலத்தில் மிகுதியாயுள்ள லிமோனீன் என்னும் பொருளில் 10 கரியணுக்கள் உள்ளன. அது விரைவில் ஆவியாகும். காற்றிலுள்ள பிராணவாயுவோடு எளிதில் கூடித் திரியும். அவ்வாறு திரிந்த தைலம் தோலில் ஒவ்வாமையையும் உண்டாக்கக் கூடும். சந்தனம், வெட்டிவேர் இவற்றின் தைலங்களிலோ 15 கரியணுக்கள் கொண்ட கனத்த பொருள்களே மிகுதி. அவை மெல்லவே ஆவியாவதால் மணம் நெடுநாள் நிற்கின்றது. மேலும், வேருக்குள் இருக்கும்வரை அத்தைலத்தைக் காற்றும் ஒளியும் எளிதில் தீண்டுவதில்லை.

ஆகவே, மாணவ நண்பர்களே, தைலத்தைக் கருநிறக் கண்ணாடிக் குப்பியில், காற்றுக்கு இடமின்றி நிரம்ப ஊற்றி, இறுக மூடிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பாதி தீர்ந்தால் சிறு குப்பிக்கு மாற்றுங்கள். இருளும் குளிர்ச்சியும் இறுகிய உறையும் அந்த வேர் தன் தைலத்திற்கு என்றோ அளித்தவையே.