அவத் பஞ்ச், லக்னோ (1877–1912)

பிறந்த நேரத்திலேயே கேலி எழுதியிருந்தது. 1877 ஜனவரி 1 அன்று டெல்லி தர்பாரில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாகப் பறைசாற்றினார் வைஸ்ராய் லிட்டன். அப்போது சென்னை மாகாணம் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது. 8ஆம் தேதி அதே லிட்டன் அலிகரில் சர் சையது அகமது கானின் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். 16ஆம் தேதி லக்னோவில் ‘அவத் பஞ்ச்’ என்ற உருது வார இதழ் வந்தது. பேரரசியும் சர் சையதும் இருக்கும்வரை அதற்குத் தீனிக்குக் குறைவில்லை.

தொடங்கியவர் காகோரிக்காரரான முன்ஷி சஜ்ஜாத் உசேன். இளைஞர். அவர் பிறந்த 1856இல்தான் கம்பெனி அவத் நாட்டை விழுங்கியது. நவாப் வாஜித் அலி ஷா கல்கத்தாவுக்குப் போய்ச் சேர்ந்தார். லக்னோவின் நக்கல் மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை.

பெயரும் பாணியும் 1841இல் லண்டனில் தொடங்கிய ‘பஞ்ச்’ இதழிடம் வாங்கியவை. தொழில் வேறு. லண்டனில் ஓவியர் வரைந்ததை மரக்கட்டையில் செதுக்கத் தனி ஆட்கள் வேண்டும். உருதுவோ கல்லச்சில் வளர்ந்த மொழி. வளைந்து சரியும் அந்த எழுத்தை ஈய அச்சுக்குள் அடக்குவது பெரும்பாடு என்பதால், காத்திப் எனப்படும் எழுத்தர் எண்ணெய்ப்பசை மையால் தாளில் எழுதுவார். அதைக் கல்லில் ஒற்றி அச்சிடுவார்கள். எழுத்து ஏறும் கல்லில் படமும் ஏறும். அதனால் கேலிப்படத்துக்குத் தனிச்செலவு அதிகமில்லை. கங்கா சஹாய், வசீர் அலி போன்றவர்கள் வரைந்தது இப்படித்தான். அச்சு முடிந்ததும் கல்லை மணல் போட்டுத் தேய்த்து அடுத்த வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். மூலப்படம் அதோடு போயிற்று.

வரி, ஐரோப்பியரை இந்திய நீதிபதிகளும் விசாரிக்கலாம் என்ற 1883இன் இல்பர்ட் மசோதா, அலிகர்க்காரர்களின் ஆங்கிலப் பவிசு என்று எல்லாவற்றிலும் கைவைத்தது இதழ். நீதித்துறையில் சம்பளம் வாங்கிய அக்பர் இலாகாபாதி இங்கே கேலிக்கவிதை எழுதினார். இறந்துபோனவரைப் பற்றி நல்லதையே சொல்ல வேண்டும் என்பார்கள். ஆனால் கவிஞர் ஹாலியைத் துரத்தித் துரத்திக் கிண்டலடித்ததும், பெண்கள் படிப்பதைக் கண்டு முகம் சுளித்ததும் இதே இதழ்தான். எதிர்த்த எல்லாவற்றிலும் அது சரியாக இருந்ததில்லை. சஜ்ஜாத் உசேன் 1887இல் காங்கிரஸில் சேர்ந்தார். முஸ்லிம்கள் அதிலிருந்து ஒதுங்கியிருக்க வேண்டும் என்று சர் சையது சொல்லிவந்த காலம் அது. அந்தத் துணிச்சலை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1878இல் லிட்டன் கொண்டுவந்த சட்டம் இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு மட்டும் வாய்ப்பூட்டு போட்டது. ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு விலக்கு. 1882இல் வைஸ்ராய் ரிப்பன் காலத்தில் அது நீங்கியது. ஆனால் கண்காணிப்பு தொடர்ந்தது. உள்ளூர்ப் பத்திரிகைகளின் சாரத்தை ஆங்கிலத்தில் தொகுத்து அதிகாரிகளுக்கு அறிக்கை அனுப்ப ஓர் அலுவலகமே இருந்தது. படத்தை எப்படி மொழிபெயர்ப்பது? ஆகவே யார் நிற்கிறார், கையில் என்ன, காலடியில் யார் என்று உரைநடையில் விவரித்தார்கள். நகைச்சுவையை அவ்வளவு அக்கறையோடு கொன்றவர்கள் குறைவு. ஆனாலும் அவர்களை முழுக்கத் திட்டிவிட முடியாது. கல்லில் அழிந்தவற்றுக்கு அந்த அறிக்கைகளும் இன்று சாட்சி. 1877 முதல் 1881 வரை வந்த படங்களில் சிலவற்றை ஆர்ச்சிபால்ட் கான்ஸ்டபிள் என்ற ஆங்கிலேயர் லக்னோவிலேயே நூலாகப் போட்டார். கேலிக்கு ஆளானவர்களின் கூட்டத்திலிருந்துதான் முதல் தொகுப்பாளரும் வந்தார்.

ஆசிரியர் வாதத்தில் விழுந்தார், பணமும் வற்றியது, 1912இல் இதழ் நின்றது. மருத்துவர் சான்றிதழ் எழுதினால் இவ்வளவுதான் எழுதுவார். எனக்கோ நோய் முன்பே தொடங்கியதாகப் படுகிறது. 1905இல் வங்காளத்தைப் பிரித்தபின் மக்கள் மனநிலை மாறிவிட்டது. மறுவருடம் சென்னையில் பாரதியின் ‘இந்தியா’ இதழ் வெளியிடத் தொடங்கிய கேலிச்சித்திரங்களில் சிரிப்பைவிடச் சினம் அதிகம். அரசாங்கத்துக்கு அது உடனே புரிந்தது: 1908இல் ‘இந்தியா’ புதுச்சேரிக்கு ஓட நேர்ந்தது. அவத் பஞ்சை ஒழிக்க யாரும் அவ்வளவு மெனக்கெடவில்லை. துரையும் பார்த்துப் புன்னகைக்கக்கூடிய கேலியால் என்ன ஆபத்து?

சஜ்ஜாத் உசேன் 1915இல் இறந்தார். அதே பெயரில் பிறகு வேறொருவர் இதழை மீண்டும் நடத்திப் பார்த்தார். அதற்குள் லக்னோ மக்கள் அரசியல் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள்.