கடலிலிருந்து பத்து கிலோமீட்டர்

மாடம்பாக்கத்திலிருந்து கிழக்கே நேர்கோடு போட்டால் ஏறக்குறைய 10 கிலோமீட்டரில் கடல் வந்துவிடும். ஆனாலும் இங்கே ஒரு ஃப்ளாட்டின் கூடத்தில் பவளத்தொட்டி வைக்கிறவர் உப்பைப் பாக்கெட்டில் வாங்கித்தான் கரைக்கிறார். லிட்டருக்குச் சுமார் 35 கிராம். 200 லிட்டர் தொட்டிக்கு ஏழு கிலோ. போர் தண்ணீர் உதவாது, ஆர்.ஓ. தண்ணீர் வேணும். இதையெல்லாம் வாங்கி முடித்து மூச்சு விடும்போது கடைக்காரர் அடுத்த கேள்வியைப் போடுவார்: "ஸ்கிம்மர் எடுத்துக்கறீங்களா சார்?" விலையைக் கேட்டால், இது இல்லாமல் முடியாதா என்று தோன்றும். தோன்றுவது நியாயம்தான். இந்தக் கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் வயசு. ஆனால் பதில் ஊருக்கு ஊர் மாறியிருக்கிறது.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்க்கலாம். துவரம்பருப்பு கொதிக்கும்போது மேலே நுரை திரளும், அம்மா கரண்டியால் வழித்து எறிவாள். புரோட்டீன் ஸ்கிம்மர் செய்வதும் அதுதான், அடுப்பு மட்டும் கிடையாது. மீன் கழிவு, மிச்சத் தீனி, பவளம் விடும் கோழை எல்லாம் தண்ணீரில் கரையும். அவற்றின் மூலக்கூறுகளில் பலவற்றுக்கு ஒரு முனை நீரை விரும்பும், மறுமுனை வெறுக்கும். வெறுக்கிற முனை காற்றுக்குமிழின் தோலில் போய் ஒட்டிக்கொள்ளும். குழாய்க்குள் லட்சக்கணக்கான நுண்குமிழ்களை விட்டால் அவை அழுக்கைச் சுமந்து மேலேறி, நுரையாகி, கோப்பையில் வழிந்துவிடும். அழுகி அம்மோனியாவாக, பிறகு நைட்ரேட்டாக மாறுவதற்கு முன்பே அழுக்கு வெளியே. நன்னீரில் இந்த வித்தை சரியாக நடக்காது. உப்புநீரில்தான் குமிழ்கள் ஒன்றோடொன்று சேராமல் சின்னதாகவே நிற்கும். கொளத்தூர் கடைகளில் தங்கமீன் வாங்கி வளர்த்தவர்களுக்கு இந்த யந்திரமே அந்நியமாகத் தெரிவது அதனால்தான்.

இனி வரலாறு. 1846இல் அன்னா தைன் என்ற பெண்மணி இங்கிலாந்தின் டார்கே கடற்கரையிலிருந்து பவளங்களை ஜாடியில் வைத்து லண்டனுக்குக் கொண்டுபோனார். கடல் தூரத்தில். தண்ணீரை அடிக்கடி மாற்ற வழியில்லை. திறந்த ஜன்னலோரம் நின்று ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு அரைமணி, முக்கால்மணி நேரம் மாற்றி மாற்றி ஊற்றினால் பவளம் பிழைக்கிறது என்று கண்டுபிடித்தார். ஊற்றியது பெரும்பாலும் பணிப்பெண். நம்ம ஊர் டீ மாஸ்டர் ஆற்றுகிற மாதிரி கடலை ஆற்றியிருக்கிறார்கள். நுரையை யாரும் எடுக்கவில்லை, காற்றைத்தான் கலந்தார்கள். இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் வருகிறேன்.

சென்னைக்கு அந்தக் கஷ்டம் இருக்கவில்லை. மெட்ராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனை சாதிகளை அளந்தவராகத்தான் நமக்குத் தெரியும். அவர் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடலுயிர்கள் பற்றி 1890இல் நூல் எழுதியவரும்கூட. அவர் முயற்சியில் தொடங்கிய மீன் காட்சியகம் மெரினாவிலேயே 1909 அக்டோபர் 21 அன்று திறக்கப்பட்டது. இந்தியாவில் இதுதான் முதல் என்பார்கள். அவருக்குப் பின் வந்த ஜே.ஆர். ஹெண்டர்சன் அதற்கு ஒரு கையேடு எழுதினார். சேலஞ்சர் கப்பல் பயணத்தில் சேகரித்த துறவி நண்டு வகையறாக்களைப் பற்றி 1888இல் அறிக்கை எழுதிய விலங்கியலாளர் அவர். மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது, தாம்பரத்துக்கு வந்தது 1937இல்தான். இப்போது சேலையூர் பக்கமாகப் போகும்போதெல்லாம் அந்த மதிலைப் பார்த்து எனக்கு ஹெண்டர்சன் ஞாபகம் வருகிறது. அவர் இந்தக் காட்டையே பார்த்திருக்கமாட்டார் என்பது வேறு விஷயம்.

1919இல் காட்சியகம் மீன்வளத் துறைக்குப் போனது. 1942இல், ஜப்பான் குண்டு போடும் என்று நகரமே காலியான காலத்தில், மூடப்பட்டது. அதோடு சரி. அந்த முப்பத்து மூன்று வருஷமும் அது ஸ்கிம்மர் இல்லாமல்தான் ஓடியது. அப்படி ஒரு சாதனம் இன்னும் சந்தைக்கே வந்திருக்கவில்லை. தேவையும் இல்லை, வாசலிலேயே கடல்.

இதே உண்மையை 1961இல் ஜகார்த்தாவிலிருந்து லீ சின் எங் உலகத்துக்குச் சொன்னார். அமெரிக்க மீன்வளர்ப்பு இதழ் ஒன்றில் வந்த அவருடைய கட்டுரை இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. உயிருள்ள பாறை, கடல்நீர், வெயில், மெல்லக் குமிழ் விடும் ஒரு காற்றுக்குழாய். ஃபில்டர் கிடையாது. ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் செய்து பார்த்தார்கள், பலருக்குத் தொட்டி நாறிப்போனது. அவருடைய பாறை கடலிலிருந்து ஈரம் காயாமல் வந்தது. இவர்களுடையது விமானத்தில் பாதி செத்து வந்தது.

கடலே இல்லாத ஊர்க்காரர்கள்தான் நுரையைப் பிடித்துக்கொண்டார்கள். 1960களில் ஜெர்மனியில் சாண்டர் நிறுவனம் ஸ்கிம்மர்களை விற்றது. மரத்துண்டின் நுண்துளை வழியே காற்றை அழுத்தி விடும் எளிய குழாய் அது. பிறகு பீட்டர் வில்கென்ஸ், பெர்லினின் டீட்ரிஷ் ஸ்ட்யூபர் போன்றவர்கள் லீயின் பாறையையும் ஜெர்மன் ஸ்கிம்மரையும் ஒன்றாக்கினார்கள். பெர்லின் முறை என்று பெயர் வந்தது. சுவர் சூழ்ந்த மேற்கு பெர்லினில் ஒருவர் கிளைப்பவளத்தை ஒடித்து ஒடித்து வளர்த்து உலகெங்கும் பங்கு போட்டிருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

எதிர்க்கட்சியும் இருந்தது. 1980இல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பவளத்தொட்டி அமைத்த வால்டர் ஏடி, ஸ்கிம்மர் அழுக்கோடு மிதவை உயிர்களையும் வாரிப் போட்டுவிடுகிறது என்றார். பாசி வளர்த்து அதைச் சுரண்டி எடுத்தே நீரைச் சுத்தம் செய்தார். மொனாக்கோவில் ஜான் ஜோபேர் அடிமணலின் பாக்டீரியாவை நம்பினார். 2009 வாக்கில் பென்சில்வேனியாவில் வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் தன் குழுவோடு பல ஸ்கிம்மர்களை அளந்து பார்த்தார். நீரில் அளக்கக்கூடிய கரிமப் பொருளில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி எதுவுமே பெரிதாக எடுக்கவில்லை. விலை கூடியதும் குறைந்ததும் கிட்டத்தட்ட ஒரே கணக்கு. இதைப் படித்ததும் ‘அப்போ வேண்டாம்’ என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. நான் அப்படிக் கட்டமாட்டேன்.

காரணம் நம்ம சட்டத்தில் இருக்கிறது. 2001இல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்குள்ள அதே அட்டவணை. சேர்த்தது சரி. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி, தூத்துக்குடி பக்கம் விலங்குசல்லி, கீழக்கரை பக்கம் பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன. ஆனால் இதன் பொருளை ஸ்கிம்மர் சண்டை போடுகிறவர்கள் யோசிப்பதில்லை. லீயின் முறைக்கும் பெர்லின் முறைக்கும் உயிர் எதுவோ, அந்தப் பாறை நமக்குக் கிடையாது. கிடைக்கவும் கூடாது. தொட்டிக்காக அதைக் கடலிலிருந்து பெயர்க்கிறவரிடம் எனக்கு ஸ்கிம்மர் பற்றிப் பேச ஒன்றுமில்லை. நாம் செய்பாறையில் தொடங்குகிறோம். அதில் பாக்டீரியா குடியேறி ஊராக மாற மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் அழுக்கை யாராவது எடுக்கணும்.

அடுத்தது காற்று. தைன் வீட்டுப் பணிப்பெண் செய்த வேலையை ஸ்கிம்மர் ஓசைப்படாமல் செய்கிறது. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும், மே மாதத்து மாடம்பாக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. 2016 டிசம்பரில் வர்தா அடித்துவிட்டுப் போனபின் தென்புறநகரில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. அப்போது தொட்டியைக் காப்பாற்றக்கூடியது ஸ்கிம்மர் இல்லை, பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன காற்றுப் பம்ப். அதுவும் இல்லையென்றால் குவளையால் மொண்டு மொண்டு ஊற்றணும், 1846 மாதிரி.

ஆக, என் கட்சி இது. 60, 70 லிட்டர் தொட்டி, இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் மென்பவளம், வாரம் பத்து சதவீதம் நீர் மாற்றம் என்றால் ஸ்கிம்மர் வேண்டாம். அந்தக் காசில் உப்பு வாங்குங்கள், அந்த மீனும் பொரிப்பகத்தில் பிறந்ததாகப் பார்த்து வாங்குங்கள். 200 லிட்டருக்கு மேல் போய், மீனும் கூடினால், முதல் வருஷமாவது வேணும். நடுத்தர விலையில் ஒன்று போதும்.

உப்புக் காசை மிச்சம் பிடிக்க கேனோடு கோவளம் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தகவல். 2019 டிசம்பர் தொடக்கத்தில், மழைக்குப் பிறகு பட்டினப்பாக்கம் கடற்கரையில் நுரை மலைபோல் ஒதுங்கியது. குழந்தைகள் அதற்குள் விளையாடினார்கள், பெரியவர்கள் செல்ஃபி எடுத்தார்கள். அடையாறு கொண்டுவந்த சாக்கடையும் சோப்பும் உப்புநீரில் அலை அடித்து நுரைத்தது அது. அதே விதி, அதே குமிழ், கோப்பை மட்டும் இல்லை. நம்ம பக்கத்துச் செம்பாக்கம் ஏரியின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் போய், கோவளம் கழிமுகத்தில்தான் கடலைத் தொடுகிறது. ஸ்கிம்மர் கோப்பையில் சேரும் கரும்பச்சைத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில்தான் எல்லோரும் ஊற்றுகிறோம்.